தீயணைக்கும் கருவியின் சரித்திரம்

கொழும்பு மாநகரிலே ஜிந்துப்பிட்டி என்னும் பகுதியை அறியாத தமிழ் மக்கள் மிகச் சிலரே. ஒருபுறம் செட்டியார் தெருவின் நகைக் கடைகள்; மறுபுறம் துறைமுகம்; நடுவே சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலும் புனித தோமையார் ஆலயமும்; அவற்றைச் சூழ்ந்து நெருங்கிய ஒழுங்கைகள். அவ்வொழுங்கைகளில் ஒரு கட்டடத்தின் சுவரே அடுத்த கட்டடத்தின் சுவராகவும் இருக்கும். கீழே கடை, மேலே குடியிருப்பு, பின்னாலே பட்டறை அல்லது பண்டகசாலை என்ற அமைப்பையே அங்கு அதிகமாகக் காணலாம். பொன்னை உருக்கும் சுவாலையும், தேநீர்க் கடையின் எண்ணெய்த் தாச்சியும், அச்சகத்தின் கடதாசிக் கட்டுகளும், துணிக் கடையின் பொதிகளும், வர்ணப் பூச்சு விற்பவரின் தகரங்களும் ஒன்றுக்கொன்று சில அடி தூரத்திலே குடிகொண்டிருக்கின்றன. இத்தகைய இடத்தில் மூளும் நெருப்பு ஒரு கடைக்காரருக்கு மாத்திரம் உரியதாக நில்லாது. கால் மணி நேரத்துக்குள் அது தெரு முழுவதற்கும் பொதுவாகிவிடும்.

இக்கடைகளிலும் கந்தோர்களிலும் பட்டறைகளிலும் சுவரோரமாகச் செந்நிறக் கருவியொன்று தொங்குவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அதன் பக்கத்திலே தொங்கும் நாட்காட்டியை நாளுக்கு ஒரு முறையாவது பார்க்கிறோம். இக்கருவியையோ ஆண்டுக்கு ஒரு முறையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதன் மீது எழுதியிருப்பது என்ன, அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று கேட்டால், அதன் கீழே பத்து ஆண்டுகளாக அமர்ந்து கணக்கெழுதும் உத்தியோகத்தரும் விடை கூறத் தயங்குவார்.

நான் சரித்திரம் பயின்றவன். இரசாயனம் கற்பித்தவன் அல்லன். ஆயினும் இக்கருவியைப் பற்றி இன்று பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. தீயணைக்கும் கருவியைப் பத்திரமாகக் கையாளும் முறை முழுவதும் அதன் சரித்திரத்திலேயே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வகைக் கருவியும் ஒரு குறிப்பிட்ட நெருப்பை அணைப்பதற்காகப் பிறந்தது. எந்த நெருப்புக்காகப் பிறந்ததோ அந்த நெருப்பின் முன் அது நமக்குத் துணைவன். வேறொரு நெருப்பின் முன் அதுவே பகைவனாகவும் மாறக் கூடும். இதனை மனத்திற் கொண்டு கதையைத் தொடங்குவோம்.

நெருப்பு உயிர்வாழ மூன்று பொருள்கள் வேண்டும். எரிவதற்கு ஒரு பொருள், அதைப் பற்றவைக்கும் வெப்பம், காற்றிலுள்ள ஒட்சிசன் என்பனவே அம்மூன்றும். இவற்றுள் ஒன்றை அகற்றினாலும் நெருப்பு மடியும். நீர் வெப்பத்தை அகற்றுகிறது; மணலும் ஈரச் சாக்கும் காற்றைத் தடுக்கின்றன; பற்றாத பொருள்களை அப்பால் இழுத்துவிடுவது எரிபொருளை அகற்றுகிறது. மனிதன் கண்ட தீயணைக்கும் உபாயங்கள் அனைத்தும் பெரும்பாலும் இம்மூன்றன் விரிவே.

பண்டைக் காலத்தில் நீரும் வாளியுமே கருவிகள். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரிலே வாழ்ந்த தெசீபியஸ் என்னும் அறிஞர் நீரை அழுத்தி வெளியேற்றும் பம்பி ஒன்றை அமைத்தார். எனினும், அதற்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் பெரிய நகரங்கள் தோல் வாளிகளையே பெரிதும் நம்பியிருந்தன. 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி அதிகாலையில், இலண்டன் மாநகரின் புடிங் ஒழுங்கையிலிருந்த ஒரு வெதுப்பகத்தில் தீ மூண்டது. நெருங்கிய மரவீடுகள், குறுகிய ஒழுங்கைகள், ஆற்றங்கரையிலே எண்ணெயும் நிலக்கீலும் நிறைந்த பண்டகசாலைகள் என்று நெருப்புக்கு வேண்டிய அனைத்தும் அங்கிருந்தன. தோல் வாளிகளையும் பித்தளைப் பீச்சாங்குழல்களையும் கொண்டு மக்கள் போராடினர். அண்டை வீடுகளை இடித்துத் தீயின் பாதையை அறுக்க வேண்டும் என்று சிலர் கூறியபோது, வீட்டுக்காரருக்கு நட்டஈடு கொடுப்பவர் யார் என்ற தயக்கத்தில் நகரபிதா காலத்தைக் கடத்தினார். நான்கு நாட்களில் 13,200 வீடுகளும் 87 ஆலயங்களும் எரிந்து போயின. வெதுப்பகத்துக்குள் அடக்கியிருக்கக் கூடிய தீ, முதற் சில நிமிடங்களைத் தவறவிட்டமையால் ஒரு தலைநகரத்தை விழுங்கிற்று.

அந்த முதற் சில நிமிடங்களைக் கைப்பற்றுவது எப்படி என்பதே அடுத்த இரு நூற்றாண்டுகளின் கேள்வி. 1723ஆம் ஆண்டிலே அம்புரோஸ் கொட்பிரி என்னும் இரசாயனர் ஒரு விசித்திரமான விடை கண்டார். தீயணைக்கும் திரவம் நிறைந்த பீப்பாவின் நடுவே சிறிதளவு வெடிமருந்தை வைத்து, திரி கொளுத்தித் தீயினுள் உருட்டிவிட வேண்டும். மருந்து வெடித்துத் திரவத்தை நாற்புறமும் சிதறடிக்கும். நெருப்பை அணைக்க வெடிமருந்தை அனுப்பும் இந்த யோசனை இன்று நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும், நீரை எடுத்துக்கொண்டு நாம் தீயிடம் ஓடாமல் கருவியே நீரைச் செலுத்தட்டும் என்ற கருத்து அதிலேதான் முளைத்தது.

இக்கருத்தைக் கையிலே தூக்கக் கூடிய உருவமாக மாற்றியவர் ஜோர்ஜ் வில்லியம் மான்பி என்னும் ஆங்கிலேயர். யார்மத் என்னும் கடற்கரை ஊரிலே படைமுகாம் பொறுப்பாளராக இருந்தவர் அவர். 1807ஆம் ஆண்டிலே, கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கப்பல் உடைந்து, அதிலிருந்தவர்களுட் பெரும்பாலோர் மூழ்கி இறந்ததை அவர் கண்டார். அதன்பின், கரையிலிருந்து கப்பலுக்குக் கயிறு எறியும் சிறு பீரங்கியை அமைத்தார். அதே மனப்பாங்குடன் தீ விபத்துகளையும் நோக்கி, செம்பினால் ஒரு கலத்தைச் செய்தார். அதிலே மூன்று கலன் அளவுக்குப் பொற்றாசியம் காபனேற்று கரைந்த நீர். அதன் மேலே அழுத்தி அடைத்த காற்று. திருகைத் திறந்தால் நீர் பீறிட்டு வெளிவரும். இன்று நம் சுவர்களிலே தொங்கும் கருவிகளுக்கெல்லாம் மூதாதை அதுவே. தீயணைக்கும் இயந்திரம் வந்து சேருமுன் ஒரு தனி மனிதன் தீயை எதிர்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையை உலகுக்கு அளித்தவர் மான்பி.

அதன்பின், 1866ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்திலே பிரான்சுவா கார்லியே என்பவர் இன்னொரு படி முன்னேறினார். அப்பத்துக்குப் போடும் சோடாவையும் ஓர் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்தால் காபனீரொட்சைட்டு வாயு பொங்கியெழும் அல்லவா? அவ்வாயுவின் அழுத்தமே நீரை வெளியே தள்ளுமாறு அவர் கருவியை அமைத்தார். கருவியைத் தலைகீழாகப் பிடித்தாலோ மேலுள்ள குமிழைத் தட்டினாலோ உள்ளிருக்கும் அமிலம் சோடா நீருடன் கலக்கும். பழைய கந்தோர்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் பலகாலம் பணிபுரிந்தவை இந்த வகைக் கருவிகளே. ஆனால், தொடங்கிய பின் நிறுத்த முடியாமை அவற்றின் குறை. நாட்பட்டுத் துருவேறிய கலமாயின், அழுத்தம் தாங்காது தூக்கியவரின் கையிலேயே வெடிக்கவும் கூடும். 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் அவற்றின் தயாரிப்பு நின்றது. கருவி பழையதாகிவிட்டால் கருவியே விபத்தாகும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இதுகாறும் கூறிய கருவிகள் அனைத்தும் நீரையே நம்பியவை. மரமும் கடதாசியும் துணியும் எரியும்போது நீருக்கு நிகரான மருந்து வேறில்லை. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உலகம் புதியதொரு பொருளைத் தோண்டியெடுத்தது. அது மண்ணெண்ணெய். நீரை விட எண்ணெய் இலேசானது. எரியும் எண்ணெயின் மேல் நீரை ஊற்றினால், நீர் அடியிலே இறங்க, எண்ணெய் மேலே மிதந்து எரிந்துகொண்டே பரவும். நீர் அங்கே தீயை அணைக்கும் கருவியாக இல்லாமல், தீயைச் சுமந்து செல்லும் வாகனமாகிவிடுகிறது.

அக்காலத்தில் உருசிய நாட்டுக்கு உட்பட்டிருந்த, எண்ணெய்க் கிணறுகளுக்குப் பெயர்பெற்ற பாகூ நகரிலே இத்தகைய தீக்களை நேரிற் கண்டவர் அலெக்சாண்டர் லோரன். அவர் பெரிய கம்பனியின் பொறியியலாளர் அல்லர். அங்குள்ள பாடசாலை ஒன்றிலே படிப்பித்த ஆசிரியர். எண்ணெயின் மேல் மிதந்து, அதைப் போர்வைபோல் மூடிக் காற்றைத் தடுக்கும் ஒரு பொருள் வேண்டுமென்று சிந்தித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீயணைக்கும் நுரையைக் கண்டுபிடித்தார். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இச்செய்தியை எடுத்துக் கூறுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. பெற்றோல் நிரப்பும் நிலையங்களிலும் வர்ணப் பூச்சுக் களஞ்சியங்களிலும் நாம் காணும் நுரைக் கருவிகள் அந்த ஆசிரியரின் சிந்தனைக்குக் கடன்பட்டவை.

எண்ணெய்க்கு அடுத்து வந்தது மின்சாரம். மின்சாரம் பாயும் கம்பியில் நீரை வீசினால், அந்நீரின் வழியாகவே மின்சாரம் திரும்பி வந்து வீசியவரைத் தாக்கும். நுரையும் நீரினால் ஆனதே; அதுவும் அங்கே ஆகாது. இக்குறையை நீக்க, 1910ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிலே பைரீன் என்னும் கம்பனி காபன் நாற்குளோரைட்டு என்ற திரவத்தைச் சிறு பித்தளைக் குழலில் அடைத்து விற்றது. மோட்டார் வண்டிகளிலும் கந்தோர்களிலும் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால், அத்திரவத்தின் ஆவி ஈரலையும் நரம்புகளையும் கெடுப்பது. அன்றியும், கொதிக்கும் உலோகத்தின் மேல் பட்டால் பொஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாகவும் மாறுவது. முதலாம் உலகப் போரில் மனிதரைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அதுவே. காற்றோட்டமற்ற அறையிலே நெருப்புக்குத் தப்பியவர், அந்நெருப்பை அணைத்த மருந்துக்குத் தப்பாத சம்பவங்களும் உண்டு. பழைய கட்டடங்களின் மூலைகளிலும் பழம்பொருட் கடைகளிலும் இத்தகைய பித்தளைக் குழல் அகப்பட்டால், அதை அழகுப் பொருளாகக் கருதி வீட்டுக்குக் கொண்டுபோகாதிருப்பது நன்று.

அதற்கு மாற்று 1924ஆம் ஆண்டிலே கிடைத்தது. பெல் தொலைபேசிக் கம்பனியின் இணைப்பு நிலையங்களில் உண்டாகும் மின்தீயை அணைக்க வழி கேட்டபோது, வோல்டர் கிடி என்பவரின் கம்பனி காபனீரொட்சைட்டை உருக்குக் கலத்திலே அடைத்துக் கொடுத்தது. அது மின்சாரத்தைக் கடத்தாது. எந்தக் கறையும் வைக்காது. நுண்ணிய இயந்திரங்களைக் கெடுக்காது. கணினிகளும் மின்பலகைகளும் நிறைந்த இன்றைய கந்தோர்களுக்கும், இப்பேச்சை உங்களிடம் கொண்டுவரும் ஒலிபரப்புக் கூடங்கள் போன்ற இடங்களுக்கும் உகந்த கருவி அது. ஆயினும் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அது நெருப்பின் மூச்சை நிறுத்தும் முறையிலேயே மனிதனின் மூச்சையும் நிறுத்தும். சிறிய, மூடிய அறையிலே அதைப் பிரயோகித்தவர் உடனே வெளியேறிக் கதவைச் சாத்துதல் வேண்டும். வாயு வெளிவரும் கொம்பு போன்ற வாய் உறைபனியிலும் பன்மடங்கு குளிர்ந்துவிடும். அதை வெறுங்கையாற் பற்றினால் தோல் கருகியதுபோலாகும்.

பின்னர் உலர்ந்த இரசாயனப் பொடி வந்தது. 1950-களில் ஐரோப்பாவிலே, மரம், எண்ணெய், வாயு ஆகிய மூவகைத் தீயையும் அணைக்கும் பொடி உருவாயிற்று. கடைகளில் இன்று பெரும்பாலும் தொங்குவது இதுவே. பலவற்றுக்கும் உதவும் என்ற புகழில் அதன் குறைகளை நாம் மறந்துவிடக் கூடாது. பொடி சுவாலையை வீழ்த்தும். ஆனால் வெப்பத்தைத் தணிக்காது. துணிப் பொதியின் உள்ளே கனலும் தணல், பொடி ஓய்ந்த பின் மீண்டும் மூளலாம். ஒடுங்கிய அறையில் பொடி மேகமாக எழுந்து, வெளியேறும் வாயிலையே கண்ணுக்கு மறைத்துவிடும். ஹேலன் என்னும் வாயுவும் சில காலம் புகழ்பெற்றிருந்தது. அது வானத்தின் ஓசோன் படலத்தை அரிப்பது தெரியவந்ததும், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் வழி உலக நாடுகள் அதன் தயாரிப்பைப் படிப்படியாக நிறுத்தின.

இனி, இச்சரித்திரத்தை நாம் தொடங்கிய ஒழுங்கைக்கே கொண்டுவருவோம். அச்சகத்தின் கடதாசிக்கும் துணிப் பொதிக்கும் நீர்க் கருவி. வர்ணப் பூச்சுக்கும் பெற்றோலுக்கும் நுரை அல்லது பொடி. மின்பலகைக்குக் காபனீரொட்சைட்டு, அதற்கும் முன்னே முதன்மை ஆளியை அணைத்தல். பிரித்தானிய வழக்கைப் பின்பற்றிய கருவிகளில் இவ்வேறுபாட்டை நிறத்தால் அறியலாம். நீருக்குச் சிவப்பு மாத்திரம். நுரைக்கு வெளிர்மஞ்சட் பட்டை. பொடிக்கு நீலப் பட்டை. காபனீரொட்சைட்டுக்குக் கறுப்புப் பட்டை. ஆனால், பல நாடுகளில் செய்த கருவிகள் நம் சந்தைக்கு வருவதால், நிறத்தை மாத்திரம் நம்பாது, மேலே ஒட்டிய எழுத்தை வாசித்தறிவதே உத்தமம்.

தேநீர்க் கடையின் எண்ணெய்த் தாச்சிக்குத் தனி விதி உண்டு. கொதித்துத் தீப்பற்றிய எண்ணெயில் நீர் விழுந்தால், அந்நீர் ஒரு நொடியில் ஆவியாகி ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயை அள்ளிக்கொண்டு கூரை வரை பாயும். வாயுவையோ பொடியையோ வேகமாகப் பாய்ச்சினாலும் எண்ணெய் தெறிக்கும். அடுப்பை நிறுத்தி, மூடியையோ தீப் போர்வையையோ மெல்லச் சாத்தி, ஆறும் வரை திறவாதிருத்தலே வழி. பெரிய சமையற் கூடங்களுக்கென மஞ்சட் பட்டையுடைய ஈர இரசாயனக் கருவியும் இப்போது உண்டு.

நகைப் பட்டறையின் வாயுச் சிலிண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. முற்காலப் பொற்கொல்லர் உமியோட்டிலே நெருப்பு வைத்து, ஊதுகுழலால் ஊதிப் பணிசெய்தனர். இன்று அந்த இடத்தை வாயு பிடித்துவிட்டது. கசியும் வாயு எரியும்போது, சுவாலையை அணைப்பது முதற் கடமை அன்று. வாயுவின் வாயிலை மூடுவதே முதற் கடமை. வாயிலை மூடாது சுவாலையை மாத்திரம் அணைத்தால், கண்ணுக்குத் தெரியாத வாயு அறையெங்கும் நிரம்பி, ஒரு பொறியில் வெடிக்கும். மூட இயலாவிடின் அனைவரும் வெளியேற வேண்டும்.

கருவியைக் கையாளும் ஒழுங்கு எளியது. முதலிலே குரல் கொடுத்து யாவரையும் எச்சரித்து வெளியேற்றுக. இன்னொருவர் 110 என்னும் இலக்கத்தில் தீயணைப்புப் படையை அழைக்கட்டும். தீ ஒரு குப்பைக் கூடையின் அளவினதாய், உங்கள் முதுகுப் புறத்தே வெளிவாயில் திறந்திருந்தால் மாத்திரமே கருவியைத் தூக்குக. பாதுகாப்பு ஊசியை இழுத்து, எட்டு அடி அளவு தூரத்தில் நின்று, குழலின் வாயைச் சுவாலையின் உச்சியை நோக்கி அன்றி அதன் அடியை நோக்கிப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுக. காபனீரொட்சைட்டு நெடுந்தூரம் பாயாதாகையால், அதற்கு மாத்திரம் இன்னும் சற்றுக் கிட்ட நிற்க வேண்டும். பெரும்பாலான கருவிகள் ஒரு நிமிடத்துக்குள், சில கால் நிமிடத்துக்குள், காலியாகிவிடும். அதற்குள் அணையாத தீ உங்களால் அணையாது. அப்போது முதுகைக் காட்டாமற் பின்வாங்கி, கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவது கோழைத்தனம் ஆகாது.

எக்கருவிக்கும் அடங்காத நெருப்பும் உண்டு. வெடிமருந்து தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது. அதை மூடினாலும் எரியும். தமிழ்நாட்டிலே சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில், 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் அத்தொழிற்சாலையின் ஊழியர்கள் அல்லர்; புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அயலூரவர்கள். அந்நெருப்பின் முன் ஒரே பாதுகாப்பு தூரமே.

நல்ல கருவி இருந்தும் பயன்படாமற் போன கதையும் உண்டு. 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, நியூயோர்க் நகரில் டிரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலையின் எட்டாம் மாடியில், வெட்டுத் துணி குவிந்த பெட்டியொன்றில் தீ பிடித்தது. ஊழியர் வாளி நீரை ஊற்றினர், போதவில்லை. தீயணைப்புக் குழாயை இழுத்தனர், குழாய் இற்றுப்போயிருந்தது, திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. ஒன்பதாம் மாடியிலிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அங்கிருந்த வெளிவாயில்களுள் ஒன்று பூட்டியிருந்தது. 146 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் பெண்கள். குழாய் சுவரில் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க எவரும் இருக்கவில்லை.

அத்தகைய துயரங்களின் பின்னரே பல நாடுகளிலும் தொழிற்சாலைச் சட்டங்கள் இறுக்கமாயின. நமது நாட்டிலும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தீயிலிருந்து தப்பும் வழிகளை வற்புறுத்துகிறது. ஊழியர் உள்ளே இருக்கும்போது கதவுகள் உள்ளிருந்து உடனே திறக்கக் கூடியனவாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. இது பெரிய ஆலைகளுக்கு மாத்திரம் உரிய நியாயம் அன்று. இரவில் கடைக்குள்ளேயே ஊழியர் படுத்துறங்க, முதலாளி வெளியே பூட்டிவிட்டு வீடு செல்லும் வழக்கம் எங்கே இருப்பினும், அங்கே எத்தனை கருவிகள் தொங்கினும் பயனில்லை. கும்பகோணத்திலே 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி, பாடசாலைச் சமையற் கூடத்தில் மூண்ட தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதை எந்தப் பாடசாலை அதிபரும் மறக்க முடியாது. கட்டடத்தின் கூரையையும் வெளிவழியையும் முதலிற் பார்த்து, அதன் பின்னரே கருவியை நாட வேண்டும்.

கொழும்புவாசிகள் தம் கண்ணாலேயே கண்ட ஒரு நெருப்பை இங்கு நினைவூட்டலாம். 2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, நமது துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பலில் தீ கண்டது. அதிலே 1,486 கொள்கலன்கள். அவற்றுடன் 25 தொன் நைத்திரிக் அமிலம். அமிலம் கசிவது கொழும்பை அடையுமுன்பே தெரிந்திருந்தது. வழியிலிருந்த துறைமுகங்களில் அக்கொள்கலனை இறக்க இடம் கிடைக்கவில்லை. தீ பற்றிய பின் நமது கடற்படையும், துறைமுக இழுவைப் படகுகளும், இந்தியக் கரையோரக் காவற்படையின் கப்பல்களும் நாட்கணக்காகப் போராடின. மே 25ஆம் திகதி வெடிப்பு நிகழ்ந்து, மாலுமிகள் கப்பலைக் கைவிட்டனர். ஜூன் 2ஆம் திகதி கப்பல் அமிழத் தொடங்கிற்று. மேற்குக் கரை நெடுகிலும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. மீனவர் பிழைப்பு இழந்தனர். 1666ஆம் ஆண்டின் இலண்டன் வெதுப்பகத்துக்கும் இந்நவீன கப்பலுக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டு உண்டு. ஆனால் இரண்டிலும், சிறிதாய் இருந்தபோது தீர்க்கவேண்டியதைத் தள்ளிப்போட்டமையே பெருநாசத்துக்கு வழிவகுத்தது. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டலாமா என்று நம் முன்னோர் கேட்டது இதனைத்தான்.

நேயர்களே, ஒரு செய்தியைக் கூறி இப்பேச்சை நிறைவு செய்ய விரும்புகிறேன். நமது பாடசாலைகளை விட்டுப் பதினாறு பதினேழு வயதில் வெளியேறும் பிள்ளைகளிற் பலர் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலைக்கு அமர்கின்றனர். தீ மூளும் வேளையில், “அந்தக் கருவியை எடுத்து வா தம்பி” என்ற கட்டளை முதலிலே போவது அங்குள்ளோருள் இளையவனிடமே. எண்ணெயில் நீரை வீசுபவனும், மூடிய அறைக்குள் காபனீரொட்சைட்டைப் பாய்ச்சிவிட்டு உள்ளேயே நிற்பவனும் அவனாகவே இருப்பான். அவனுக்கு இவற்றை எவரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவனை வேலைக்கு அமர்த்திய முதலாளிமார் முதல் நாளிலேயே அரை மணி நேரத்தை ஒதுக்கி, கருவி எங்கே இருக்கிறது, அது எந்த நெருப்புக்குரியது, எந்தக் கட்டத்தில் அதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்ற மூன்றையும் காட்டுவார்களாக. மாதத்துக்கு ஒரு முறை அழுத்தமானியின் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா, ஊசியின் முத்திரை சிதையாதிருக்கிறதா, கருவிக்கு முன்னே பொதிகள் அடுக்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதற்கும் ஐந்து நிமிடம் போதும். காபனீரொட்சைட்டுக் கருவிக்கு அழுத்தமானி இராது. அதை நிறுத்தே அறிய வேண்டும்.

நாளை காலையில் வேலைக்குச் செல்லும்போது, இத்தனை நாளாய்ப் பாராதிருந்த அந்தச் செந்நிறக் கருவியின் முன் ஒரு கணம் நின்று அதன் மேலுள்ள எழுத்தை வாசியுங்கள். வாசித்ததைப் பக்கத்திலே நிற்கும் இளையவனுக்கும் சொல்லுங்கள்.